சூறாவளியில் காயமடைந்தால் பொறுப்பு யாருடையது? புளோரிடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1-ஆம் தேதி தொடங்கி நவம்பர் 30-ஆம் தேதி முடிகிறது. புளோரிடாவில் புதிதாகக் குடியேறும் ஒருவருக்குத் தண்ணீர் எவ்வளவு சேமிக்க வேண்டும், ஜன்னல்களை எப்படி மூட வேண்டும் என்றெல்லாம் அண்டை வீட்டார் முதல் அலுவலக நண்பர்கள் வரை பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் புயலின்போதோ அதன் பிறகோ கை கால் முறிந்தால் மருத்துவச் செலவு யார் தலையில் விழும் என்பதை எவரும் முன்கூட்டியே பேசுவதில்லை. புயல் முடிந்தவுடன் அரசு நிவாரணம் அறிவிக்கும் என்று எதிர்பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே பெரும்பாலான இழப்பீடு தனியார் காப்பீட்டின் வழியாகவும் உரிமையியல் வழக்கின் வழியாகவும்தான் வருகிறது என்பது சற்றுத் தாமதமாகவே புரிகிறது.

காற்று அடிக்கும் நேரத்தில் பெரும்பாலோர் வீட்டுக்குள் இருக்கிறார்கள். காற்று ஓய்ந்தபின் வெளியே வந்து மரம் வெட்டும்போதும், ஜெனரேட்டர் ஓட்டும்போதும், சிக்னல் எரியாத சாலையில் கார் ஓட்டும்போதும்தான் தவிர்த்திருக்கக்கூடிய காயங்கள் ஏற்படுகின்றன. பொறுப்பு பற்றிய கேள்விகளும் பெரும்பாலும் அங்கேதான் எழுகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி புயலுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றியது.

‘எல்லாம் இயற்கையின் செயல்’ என்ற பதில் எப்போது செல்லும்?

காயமடைந்தவர் இழப்பீடு கேட்டால் முதலில் கிடைக்கும் பதில், ‘அது புயலால் நடந்தது, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்பதாகத்தான் இருக்கும். சட்டத்தில் இப்படி ஒரு வாதம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது செல்லுபடியாக வேண்டுமானால், காயத்துக்கு இயற்கை நிகழ்வு மட்டுமே காரணமாக இருந்திருக்க வேண்டும். நியாயமான கவனத்துடன் நடந்துகொள்ளும் ஒருவரால் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவும் தடுக்கவும் முடியாததாகவும் இருந்திருக்க வேண்டும். புயலோடு ஒருவருடைய கவனக்குறைவும் சேர்ந்து காயத்தை உண்டாக்கியிருந்தால், புயலைக் காட்டி அவர் தப்பிக்க முடியாது. சூறாவளி வருவதைப் பல நாட்களுக்கு முன்பே தேசிய சூறாவளி மையம் அறிவித்துவிடுவதால், ‘எதிர்பார்க்கவே இல்லை’ என்று புளோரிடாவில் சொல்வது எளிதல்ல.

இதைப் புரிந்துகொள்ள 2017-இல் நடந்த ஒரு துயரம் போதும். செப்டம்பர் 10-ஆம் தேதி இர்மா சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது, அதே மாநிலத்தின் ஹாலிவுட் நகரிலிருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் குளிர்சாதன அமைப்புக்கு வரும் மின்சாரம் நின்றது. கட்டடம் இடியவில்லை, வெள்ளமும் புகவில்லை. அடுத்த சில நாட்களில் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போனது; எதிர்ப்புறமே ஒரு மருத்துவமனை இருந்தும் முதியவர்கள் உரிய நேரத்தில் வெளியேற்றப்படவில்லை; வெப்பத்தால் 12 பேர் உயிரிழந்ததாக முடிவு செய்யப்பட்டது. மின்சாரத்தை நிறுத்தியது புயல்தான். ஆனால் எழுந்த கேள்வி, மின்சாரம் நின்றபின் பொறுப்பிலிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே. இல்லத்தின் நிர்வாகி மீதான குற்றவியல் வழக்கு 2023-இல் விடுதலையில் முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குற்றவியல் வழக்கில் தேவைப்படும் நிரூபணத்தின் அளவு வேறு, இழப்பீட்டு வழக்கில் தேவைப்படும் அளவு வேறு. ஒன்றில் விடுதலை கிடைத்ததால் மற்றொன்றும் இல்லாமல் போய்விடுவதில்லை. இந்த நிகழ்வுக்குப் பின், இத்தகைய இல்லங்கள் மின்தடையின்போது 96 மணி நேரத்துக்கு உள்வெப்பத்தை 81 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மிகாமல் வைத்திருக்கும் மாற்று மின்வசதியைக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி 2018-இல் வந்தது. உங்கள் பெற்றோரை அத்தகைய இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், இந்த வசதியைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சேர்ப்பது நல்லது.

முதல் படி: காயம் ஏற்பட்ட அன்றே செய்ய வேண்டியவை

சிகிச்சைதான் முதலில். காப்பீடு இல்லை, விசா நிலை உறுதியில்லை என்ற அச்சத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு, பணம் கட்டும் வசதியையோ குடிவரவு நிலையையோ பார்க்காமல் உங்களைப் பரிசோதித்து, அவசர நிலை இருந்தால் உடல்நிலையைச் சீராக்கியாக வேண்டும். கட்டணச் சீட்டு பின்னால் வரும். அதை வேறு வழியில் எதிர்கொள்ளலாம்.

அடுத்தது சான்றுகள். மற்ற விபத்துகளிலிருந்து புயல்கால விபத்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். சாதாரண நாளில் உடைந்த படிக்கட்டு ஒரு மாதம் அப்படியே கிடக்கும். புயலுக்குப் பின் இரண்டே நாளில் குப்பை அள்ளப்படும், விழுந்த மரம் துண்டாக்கப்படும், கூரை நீலத் தார்ப்பாயால் மூடப்படும். நீங்கள் இடறி விழுந்த பலகை எது என்று பிறகு எவராலும் காட்ட முடியாது. எனவே இடத்தை அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் படமெடுங்கள். எச்சரிக்கைப் பலகையோ தடுப்போ இல்லை என்றால் அது இல்லாததும் படத்தில் தெரிய வேண்டும். அன்று அணிந்திருந்த காலணியைக் கூடக் கழுவாமல் எடுத்து வையுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்; புயலுக்குப் பின் பலர் வேறு ஊர்களுக்குப் போய்விடுவதால், பிறகு தேடினால் கிடைக்கமாட்டார்கள். கடையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ விழுந்திருந்தால், கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்குமாறு எழுத்து வடிவில், மின்னஞ்சலிலாவது, உடனே கேளுங்கள். அத்தகைய பதிவுகள் குறுகிய காலத்தில் தாமாகவே அழிந்துவிடக்கூடியவை.

இரண்டாம் படி: யார் தவறு என்று கேட்பதற்கு முன், எந்தக் காப்பீடு என்று கேளுங்கள்

புதிதாக வந்தவர்கள் பொதுவாக வரிசையை மாற்றிவிடுகிறார்கள். தவறு யாருடையது என்ற விவாதம் மாதக்கணக்கில் நீளலாம். ஆனால் தவறைப் பார்க்காமலே பணம் தரும் காப்பீடுகள் சில இருக்கின்றன, அவற்றின் காலக்கெடு மிகக் குறுகியது.

கார் விபத்து என்றால், புளோரிடாவில் ஒவ்வொரு காரின் உரிமையாளரும் வைத்திருக்க வேண்டிய தனிநபர் காயப் பாதுகாப்பு, அதாவது எல்லோரும் ‘பிப்’ என்று அழைக்கும் காப்பீடு, விபத்துக்கு யார் காரணம் என்று பார்க்காமல் உங்கள் மருத்துவச் செலவில் 80 சதவீதத்தையும் இழந்த வருமானத்தில் 60 சதவீதத்தையும் மொத்தம் 10,000 டாலர் வரை தருகிறது. ஆனால் விபத்து நடந்த 14 நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும்; அவசர மருத்துவ நிலை என்று தகுதியுள்ளவர் சான்றளிக்காவிட்டால் வரம்பு 2,500 டாலராகக் குறைந்துவிடும். புயலுக்குப் பிந்தைய இரண்டு வாரங்கள் எப்படி ஓடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மின்சாரம் இல்லை, மருத்துவரின் அலுவலகம் மூடியிருக்கிறது, கழுத்துவலி தானாகப் போய்விடும் என்று தோன்றுகிறது; பதினைந்தாம் நாள் வந்துவிடுகிறது. இந்த ஒரு கெடுவை மட்டும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வேலையின்போது காயம் என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு பொருந்தும். கட்டுமானத் துறையில் ஒரே ஒரு பணியாளர் இருந்தாலும், மற்ற பெரும்பாலான தொழில்களில் நான்கு பணியாளர்கள் இருந்தாலும், முதலாளி இதை வைத்திருக்க வேண்டும். புயலுக்குப் பின் கடையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள், ஏணியிலிருந்து விழுந்தீர்கள் என்றால், அது உங்கள் வழக்கமான பணியாக இல்லாவிட்டாலும் வேலையினிடையே நேர்ந்த காயமே. 30 நாட்களுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனம் அங்கீகரித்த மருத்துவரிடம் பெற வேண்டும். முறையான வேலை அனுமதி இல்லாதவரையும் புளோரிடாவின் சட்டம் ‘பணியாளர்’ என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. இந்தக் காப்பீடு இருக்கும் முதலாளி மீது பொதுவாகக் கவனக்குறைவு வழக்குத் தொடுக்க முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம்.

பிறர் வீட்டில் காயமடைந்தால், அந்த வீட்டுக் காப்பீட்டில் ‘பிறருக்கான மருத்துவச் செலவு’ என்றொரு பிரிவு இருக்கிறதா என்று கேட்கலாம். பல பாலிசிகளில் இது சில ஆயிரம் டாலர் வரை இருக்கும்; தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. நண்பர் வீட்டில் புயலுக்குத் தங்கியிருந்தபோது வழுக்கி விழுந்தவர்கள், நண்பர் மீது வழக்குப் போடுவதா என்ற சங்கடத்தில் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்பது வழக்குப் போடுவதாகாது.

மூன்றாம் படி: எந்தச் சூழலில் யார் பொறுப்பு

சாலைச் சந்திப்பில் சிக்னல் எரியாவிட்டால் புளோரிடாவின் போக்குவரத்துச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அதை நாற்புறமும் நிறுத்தப் பலகை வைத்த சந்திப்பாகக் கருதி, ஒவ்வொருவரும் முழுமையாக நிறுத்திய பிறகே செல்ல வேண்டும். காவலர் நின்று சைகை செய்தால் அவர் சொல்வதே முடிவு. அகலமான சாலையில் வருபவருக்கு முன்னுரிமை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை.

மரங்களைப் பற்றி நிறையத் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. பக்கத்து வீட்டு மரம் உங்கள் பக்கம் விழுந்துவிட்டது என்பதனாலேயே பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பாகிவிட மாட்டார். நல்ல நிலையிலிருந்த மரத்தைச் சூறாவளி சாய்த்திருந்தால், உங்கள் வீட்டுச் சேதத்துக்கு உங்கள் காப்பீட்டைத்தான் நாட வேண்டும். மரம் பட்டுப்போயிருந்தது அல்லது உளுத்திருந்தது, அது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டியது, இருந்தும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறுகிறது. ஆகவே பட்ட மரத்தைக் கண்டால் பருவம் தொடங்குமுன்பே படத்துடன் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ மரியாதையாக அனுப்பி வையுங்கள். வேலிக்கு மேல் நின்று வாய்மொழியாகச் சொன்னது பின்னால் சான்றாக நிற்காது. எல்லைக் கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் நீளும் கிளைகளை உங்கள் செலவில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். அந்தக் கடிதம் உங்களுக்கே வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அன்றிலிருந்து ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்ல முடியாது.

மரம் வெட்டும் வேலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புயலுக்கு மறுநாள் வண்டியில் வந்து குறைந்த தொகைக்கு வெட்டித் தருவதாகச் சொல்பவரிடம் காப்பீட்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் பொறுப்புக் காப்பீடும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் இருக்க வேண்டும். சான்றிதழை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்ப்பதோடு நிற்காமல், அதிலுள்ள காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தும் உறுதி செய்யலாம். கூரை வேலை போன்று உரிமம் தேவைப்படும் வேலைகளுக்கு மாநிலத்தின் வணிக, தொழில்முறை ஒழுங்குமுறைத் துறையின் இணையதளத்தில் உரிம எண்ணைச் சரிபார்க்க முடியும். காப்பீடு இல்லாத ஆள் உங்கள் வளாகத்தில் விழுந்தால் அவருடைய சிகிச்சைச் செலவு பற்றிய கேள்வி உங்கள் கதவைத் தட்டும். வார இறுதியில் நாலு நண்பர்கள் கூடி, வாடகைக்கு எடுத்த இயந்திர ரம்பத்தால் நாமே வெட்டிவிடுவோம் என்று இறங்குவதும் இந்த விதிக்கு விலக்கல்ல. நட்பு காப்பீடு ஆகாது.

ஜெனரேட்டர் புயலுக்குப் பிந்தைய நாட்களின் மிகக் கொடிய பொருள் என்றே சொல்வேன். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2020 ஆகஸ்டில் லாரா சூறாவளி லூசியானாவைத் தாக்கியபோது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவர்கள் சிலர் ஜெனரேட்டர் புகையால் தம் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்குமாறு வைக்க வேண்டும். கார் நிறுத்தும் அறையில் கதவைத் திறந்து வைத்தாலும் ஓட்டக் கூடாது. வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியில் ஜெனரேட்டரை இணைத்தால் மின்சாரம் தெருக் கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்து, பழுது பார்க்க ஏறிய ஊழியரைக் கொல்லலாம். அந்தப் பொறுப்பு இணைத்தவரையே சேரும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் பால்கனியில் ஓட்டிய ஜெனரேட்டரால் உங்கள் வீட்டுக்குள் புகை வந்தால், ஓட்டியவரோடு, தெரிந்தும் தடுக்காத நிர்வாகத்தின் மீதும் கேள்வி எழும். 2008 ஜூலை 1-க்குப் பிறகு கட்டட அனுமதி பெற்று, எரிபொருளில் இயங்கும் சாதனமோ ஒட்டிய கார் அறையோ உள்ள வீடுகளில், படுக்கையறைக்கு 10 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். வாடகைக்கு வருபவர்கள் அது இருக்கிறதா, ஒலிக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கடையில் ஈரத்தரையில் விழுந்தவர், தரை ஈரமாக இருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த ஈரம் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது, அல்லது கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் அளவுக்கு நேரமாக அங்கே இருந்தது, அல்லது அடிக்கடி நேர்வதால் எதிர்பார்த்திருக்க வேண்டியது என்று நிரூபிக்கும் சுமை காயமடைந்தவர் மேல்தான் இருக்கிறது. கூரை ஒழுகுவது தெரிந்தே வாளி வைத்துவிட்டுக் கடையைத் திறந்திருந்தால், அந்த வாளியே சான்று, அதையும் படமெடுங்கள்.

வாடகை வீட்டில் கூரை, ஜன்னல், கதவு, படிக்கட்டு ஆகியவற்றை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. ஆனால் தனி வீட்டிலும் இரட்டை வீட்டிலும் (டூப்ளெக்ஸ்) ஒப்பந்தத்தின் மூலம் இதை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பதால், கையெழுத்திடுமுன் அந்தப் பத்தியைப் படியுங்கள். புயலில் படிக்கட்டின் கைப்பிடி ஆடத் தொடங்கினால் எழுத்து வடிவில் உடனே தெரிவியுங்கள். வீடு குடியிருக்க இயலாத அளவு சேதமடைந்திருந்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு உடனடியாக வெளியேறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆபத்தான வீட்டில் வாடகைக்காக இருந்து காயப்படத் தேவையில்லை.

அறுந்து கிடக்கும் மின்கம்பியிலிருந்து குறைந்தது 35 அடி தள்ளி நில்லுங்கள். மின்சாரம் பல நாள் வரவில்லை என்பதற்காக மின் நிறுவனத்திடம் இழப்பீடு பெறுவது மிகக் கடினம். மின்சாரம் பாயும் கம்பி கிடப்பதாகத் தகவல் கொடுத்தும் கவனிக்காததால் ஏற்பட்ட காயம் வேறு வகை. ஆகவே தகவல் கொடுக்கும்போது நேரத்தையும் குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

நான்காம் படி: உங்கள் பங்கும் காலக்கெடுவும்

2023 மார்ச் 24-ஆம் தேதி கையெழுத்தான ஒரு சட்டம் புளோரிடாவில் இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்தது. கவனக்குறைவு வழக்குத் தொடரும் காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்தது. தவறில் உங்கள் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால், மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் தவிர மற்றவற்றில், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்ற விதியும் வந்தது. ஒரு லட்சம் டாலர் இழப்பில் உங்கள் தவறு 40 சதவீதம் என்றால் 60,000 டாலர் கிடைக்கும். 51 சதவீதம் என்றால் வெறுங்கை. எனவே எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் உங்கள் தவறின் அளவைக் கூட்டிக்காட்டத்தான் முயலும். அவர்கள் தொலைபேசியில் பதிவு செய்யப்படும் வாக்குமூலம் கேட்டால், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று பணிவாகச் சொல்லலாம். பேச்சுவழக்கில் நாம் சொல்லும் ‘நானும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்’ என்ற ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பதிவாகும்போது ஒப்புதலாகிவிடும். கட்டாய வெளியேற்ற உத்தரவை மீறித் தங்கியிருந்ததும் உங்கள் பங்கைக் கூட்டும் வாதமாக எழலாம்.

அரசு அமைப்புகள் மீதான கோரிக்கை தனி வழி. மாநில, மாவட்ட, நகர அமைப்புகளுக்கு முதலில் எழுத்து வடிவில் அறிவிப்புத் தர வேண்டும். 2011 முதல் நடைமுறைக்கு வந்த வரம்பின்படி ஒருவருக்கு 2,00,000 டாலரும், ஒரு நிகழ்வுக்கு மொத்தம் 3,00,000 டாலரும்தான் உச்சம். அதற்கு மேல் பெறச் சட்டமன்றம் தனி மசோதா நிறைவேற்ற வேண்டும். கூட்டாட்சி அரசின் மீதான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் சம்பந்தப்பட்ட துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். கொள்கை முடிவுகளுக்காக வழக்குத் தொடுக்கப்படுவதிலிருந்து அரசுக்குப் பாதுகாப்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2005-இல் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புகள் உடைந்ததற்காகக் கூட்டாட்சி அரசின் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை, ஏழு ஆண்டுகளுக்குப் பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டியே நிராகரித்தது.

ஐந்தாம் படி: வழக்கறிஞரும் பிற உதவிகளும்

விபத்து நடந்த 30 நாட்களுக்குள் வழக்கறிஞர் ஒருவர் தாமாகக் கடிதம் எழுதி வழக்கைக் கேட்பது புளோரிடாவில் விதிமீறல்; இந்த விதியை 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. யாரேனும் மருத்துவமனைக்கே வந்து தாளை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். காயவழக்குகளில் முன்பணம் வாங்காமல், கிடைக்கும் தொகையில் பங்கு பெறும் முறையே வழக்கம். எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் பதிலளிக்கும் முன் முடிந்தால் முதல் பத்து லட்சம் டாலர் வரை மூன்றில் ஒரு பங்கும், பதிலளித்த பிறகு முடிந்தால் அதே தொகைக்கு 40 சதவீதமும் வழக்கறிஞர் சங்க விதி ஏற்கும் அளவுகள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

கூட்டாட்சி அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் தனிநபர் உதவித் திட்டத்தில், பேரிடரால் நேர்ந்த மருத்துவ, ஈமச் செலவுகளுக்கும் இடமுண்டு. ஆனால் பண உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்கள் உள்ளிட்ட தகுதியுள்ள குடியேறிகளுக்கும்தான். எச்-1பி விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்பவர்களுக்குத் தகுதி இல்லை. எனினும் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை இருந்தால் அதன் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இழப்பீட்டு வழக்கு வேறு; அதைத் தொடர விசா வகை ஒரு தடையல்ல.

ஜூன் மாதத்துக்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, வீட்டையும் மரங்களையும் வேலியையும் சுற்றிப் படமெடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். காப்பீட்டுப் பாலிசிகளை எடுத்து, பொறுப்புக் காப்பீடு எவ்வளவு, பிறருக்கான மருத்துவச் செலவு எவ்வளவு, கார்க் காப்பீட்டில் காப்பீடில்லா ஓட்டுநரால் நேரும் காயத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதி, அவசரப் பையிலேயே போட்டு வையுங்கள்.